எவர் பாட்டு? டாக்டர் டிரேயின் ‘2001’ குறித்து ஒரு திறனாய்வு

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ராப் இசையைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தால், ‘இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று கேட்போர் இருப்பர். கேட்கட்டும். நம் மாணவர்கள் செவிமடுக்கும் இசை யாதென்று அறியாமலே அதனைப் பழிக்கும் வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. 2006இல் யோகி பி – நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்தபோது வகுப்பறை மேசைகளெல்லாம் தாளக் கருவிகள் ஆயின. அதட்டி அடக்கியவர்களுள் நானும் ஒருவன். அடக்கிய பிறகுதான், இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டறியும் எண்ணம் எனக்குப் பிறந்தது. அந்தத் தேட்டத்தில் என் கைக்குக் கிட்டிய இசைத்தொகுப்புகளுள் ஒன்றே, 1999 நவம்பரில் வெளியான டாக்டர் டிரேயின் ‘2001’. அதனைப் பல்லாண்டுகளாக விட்டுவிட்டுக் கேட்டு வருகிறேன். போற்றவும் முடியவில்லை, புறந்தள்ளவும் முடியவில்லை. அந்த இடர்ப்பாட்டையே இங்கு எழுத முனைகிறேன்.

டாக்டர் டிரே என்பது புனைபெயர். ஆண்ட்ரே யங் என்பது இயற்பெயர். 1965இல் கலிபோர்னியா மாநிலத்துக் காம்ப்டன் நகரில் பிறந்தவர். என்.டபிள்யூ.ஏ. என்னும் குழுவில் இருந்து, 1988இல் காம்ப்டனின் தெருக்களை உலகறியச் செய்த ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ தொகுப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். பின்னர்க் குழுவைப் பிரிந்து, டெத் ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி, 1992 டிசம்பரில் ‘தி குரோனிக்’ என்னும் தம் முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார். ஸ்னூப் டாக் என்னும் மெலிந்த இளைஞரின் சோம்பல் நிறைந்த குரலை உலகம் கேட்கத் தொடங்கியது அக்காலத்தில்தான்.

இவரை ‘இசைத் தயாரிப்பாளர்’ என்கின்றனர். திரைப்படத் துறையில் நாம் வழங்கும் பொருளில் இச்சொல்லைக் கொள்ளலாகாது. பணம் போடுபவர் அல்லர் இவர். தாளத்தை அமைப்பதும், எந்தக் கருவி எங்கே நுழைய வேண்டும் என்று வகுப்பதும், எந்தக் குரல் எந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்று தேர்வதும், பாடுபவரை நிறைவு தோன்றும்வரை மீண்டும் மீண்டும் பாடச் சொல்வதும் இவர் பணி. நம் திரையிசையில் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் இயக்குநரும் பகிர்ந்துகொள்ளும் வேலைகளை ஒருவரே ஏற்றுச் செய்வதாகக் கொள்ளலாம்.

1996இல் இவர் டெத் ரோவில் தமக்கிருந்த பங்கைக் கைவிட்டு வெளியேறினார். ஆஃப்டர்மேத் என்னும் புதிய நிறுவனத்தை நிறுவினார். அவ்வாண்டே புதியவர் பலரைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அது பேர் சொல்லும்படி அமையவில்லை. 1997இல் ‘தி ஃபர்ம்’ என்னும் குழுவுக்காக உழைத்தது விற்பனையில் முதலிடம் பெற்றும் மதிப்பில் தாழ்ந்தது. டிரேயின் காலம் முடிந்தது என்று ஊர் பேசலாயிற்று. அந்நிலையில், டெட்ராய்ட் நகரத்து வெள்ளையின இளைஞர் ஒருவரின் ஒலிநாடா இவர் கைக்கு வந்தது. அவர்தாம் எமினெம். 1999 பிப்ரவரியில் அவருடைய தொகுப்பு வெளிவந்து வென்றது. அவ்வாண்டின் இறுதியில் டிரே தம் இரண்டாம் தொகுப்பைக் கொணர்ந்தார். முதற்றொகுப்புக்கும் இதற்கும் இடையே ஏழாண்டுகள். ‘குரோனிக்’ என்னும் பெயரையே தொடர எண்ணியிருந்தபோது, பழைய நிறுவனம் முந்திக்கொண்டு ‘குரோனிக் 2000’ என்று ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டது. எனவே வெறும் ஆண்டெண்ணே பெயராயிற்று. தம் பழைய பெயரைக்கூடத் தாமே பயன்படுத்த இயலாத நிலையில் ஒருவர் மீள வந்தார் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனித் தொகுப்புக்குள் நுழைவோம்.

திரையரங்கில் படம் தொடங்குமுன் எழும்பி அரங்கத்தையே அதிரவைக்கும் பேரொலி ஒன்றுண்டு. ‘2001’ அவ்வொலியுடன் தொடங்குகிறது. ‘இது காட்சி, அமர்ந்து கவனியுங்கள்’ என்று கட்டளையிடுவது போன்ற தொடக்கம். அடுத்து வரும் ‘தி வாட்சர்’ அதற்கு மாறாக அடங்கிய குரலில் ஒலிக்கிறது. முப்பத்து நான்கு வயதான ஒருவர், குடும்பத்தோடு தம் வீட்டில் இருந்துகொண்டு, தாம் வளர்ந்த உலகத்தையும் தம்மைப் போலச் செய்யும் இளையோரையும் பார்த்துப் பேசுகிறார். இளமைத் துடிப்பையே முதலாகக் கொண்ட ஒரு கலையில் வயது முதிர்தலைப் பொருளாக்கியது துணிவான செயல் என்றே கருதுகிறேன்.

முதற்றொகுப்பில் பரந்து கிடந்த மின்னிசை இழைகள் இதில் குறைந்துவிட்டன. பியானோ, நரம்பிசை, ஆழ்ந்த பேஸ், உலர்ந்த முழவோசை ஆகியவையே மிகுதி. ஒவ்வோர் ஒலிக்கும் இடையே காற்றுப் புகும் இடைவெளி உண்டு. ‘ஸ்டில் டி.ஆர்.ஈ.’ என்னும் பாடலைக் கேட்டவர் அதன் பியானோவை மறக்கமாட்டார். ஒரே சுரக்கூட்டை மாறாமல் அடுத்தடுத்துத் தட்டி, பின் ஒரு சுரத்தை மட்டும் நகர்த்தி, மீண்டும் தட்டுவது. அவ்வளவே! பியானோ பயிலாத மாணவனும் ஒரு நாளில் வாசித்துவிடுவான். ஆயினும் அதனை அவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று அறிவதற்கு ஒரு செவி வேண்டும். மிகுதியாக எழுதும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்திச் சலித்த எனக்கு அந்தச் சிக்கனம் பெரும் ஆறுதல்.

ஆனால் அந்தப் பியானோவை வாசித்தவர் டிரே அல்லர், ஸ்காட் ஸ்டார்ச். பேஸ் வாசித்தவர் மைக் எலிசாண்டோ. தாளம் அமைப்பதில் உடனிருந்தவர் மெல்-மேன். அந்தப் பாடலின் சொற்களோ நியூயார்க் நகரத்து ராப் கலைஞர் ஜே-ஸி எழுதியவை. டிரே ‘நான் இன்னும் நானே’ என்று மார்தட்டும் பாட்டை, காம்ப்டனிலிருந்து மூவாயிரம் மைல் தொலைவில் வளர்ந்த ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்மை உலகம் மறந்துவிட்டதோ என்று சினந்து பாடும் ‘ஃபர்காட் அபௌட் டிரே’ எமினெமின் எழுத்து. அதில் எமினெம் பாடும் பகுதியின் விரைவும் எதுகைச் செறிவும் டிரேயின் பகுதியிலும் இருப்பதைக் காது படைத்தவர் எவரும் உணரலாம்.

ராப் இசையில் இது பெருங்குற்றமாகக் கருதப்படும். தன் சொல்லைத் தானே எழுதாதவன் கவிஞனல்லன் என்பது அக்கலையின் அறம். அவ்வாறாயின் இத்தொகுப்பு எவர் பாட்டு?

இவ்வினாவைத் தமிழ் படித்தவர்கள் புதிதென்று மருள வேண்டியதில்லை. ஐங்குறுநூற்றைப் பாடியவர் ஐவர். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று மூவகையினரையும் தனித்தனியே பெயர் சுட்டிப் போற்றும் மரபு நம்முடையது. ஐவரின் ஐந்நூறு பாடல்களைத் திணைக்கு நூறாக நிரல்படுத்தியதும் ஒரு படைப்புச் செயலே. டிரேயை இந்த இரண்டாம் வகையில் வைத்துப் பார்த்தால் அவர் பெரியவர். அவர்மீது நான் வைக்கும் குறை, தொகுத்தவர் பாடியவரின் உடையையும் அணிந்துகொண்டு முன்வந்து நிற்கிறார் என்பதே.

தொகுக்கும் திறம் எத்தகையது என்பதற்கு ‘தி நெக்ஸ்ட் எபிசோட்’ ஒன்றே போதும். 1967இல் டேவிட் மெக்கல்லம் பெயரில் வெளிவந்த, டேவிட் ஆக்செல்ராட் இயற்றிய ‘தி எட்ஜ்’ என்னும் கருவியிசையே இதற்கு அடித்தளம். மெக்கல்லம் வேறு யாருமல்லர். நமக்கு மூத்தோர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் உளவாளியாகக் கண்ட நடிகர். மறக்கப்பட்ட அந்த இசைத்தட்டின் கித்தார் ஒலியில் டிரே ஓர் அச்சத்தைக் கேட்டிருக்கிறார். அதன்மேல் தாமும் ஸ்னூப்பும் மாறி மாறிப் பேச, மற்றொருவரை வாயிலிலேயே காக்க வைக்கிறார். அவர் நேட் டாக். தேவாலயப் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர்; ராப் பாடல்களின் நடுவே பாடும் குரல். பாட்டு முடியப் போகிறது என்று நாம் எண்ணும்போதுதான் அந்தக் கனத்த குரல் நுழைகிறது. நுழைந்தவுடன் அதுவரை பேசியவர்கள் எல்லாரும் முன்னுரை கூறியவர்கள் போல ஆகிவிடுகின்றனர். ஓர் ஆற்றல்மிக்க விருந்தினரை எப்போது அழைக்க வேண்டும் என்பதைவிட, எவ்வளவு நேரம் அழைக்காமல் இருக்க வேண்டும் என்று அறிந்திருக்கிறார் டிரே. ‘வாட்ஸ் தி டிஃபரன்ஸ்’ என்னும் பாட்டில் பிரெஞ்சுப் பாடகர் சார்ல்ஸ் அஸ்னவூரின் 1966ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசையை எடுத்து, அதன்மேல் எமினெமையும் எக்ஸிபிட்டையும் ஏற்றிய வகையும் இத்தகையதே. காதலின் கசப்பைச் சொன்ன இசை இங்கே போர்ப்பறை ஆகிறது.

எல்லாப் பாடல்களும் இத்தரத்தன அல்ல. இருபத்திரண்டு பகுதிகளில் ஏழெட்டைக் குறைத்திருந்தால் தொகுப்பு மேலும் உயர்ந்திருக்கும். இடையிடையே வரும் நாடகத் துணுக்குகள் ஒருமுறை கேட்கவும் தகுதியற்றவை.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியதொன்று உண்டு. இத்தொகுப்பில் பெண்கள் பேசப்படும் முறை இழிவானது. ‘அது தெருவின் மொழி, உள்ளதைச் சொல்கிறார்கள்’ என்று சமாதானம் கூறுவோர் உளர். என்.டபிள்யூ.ஏ. குழுவினர் காவலரின் கொடுமையைப் பாடியபோது அந்தச் சமாதானம் பொருந்தும். அங்கே உள்ளதைச் சொல்வது எளியவனின் ஆயுதம். பெண்ணை வசைபாடுவதில் எளியவன் எவன்? டிரேயின் வாழ்வையும் இங்கே மறக்க இயலாது. 1991இல் அவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய ஒரு பெண்மணியைத் தாக்கினார். நீதிமன்றத்தில் அக்குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை. 2015இல்தான் தம்மால் புண்பட்ட பெண்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மிஸ் ராக் என்னும் பெண் கலைஞரின் குரல் இத்தொகுப்பில் இரண்டு பாடல்களில் ஒலிக்கிறதாயினும், அவரும் ஆண்கள் வகுத்த மொழியிலேயே பேச வேண்டியவராகிறார். ஆகவே இத்தொகுப்பை மாணவர் கையில் கொடுங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. நாம் கொடாமலே அவர்கள் கேட்பர் என்பதை நினைவூட்டுகிறேன். அவர்கள் கேட்கும்போது, இதில் எது கலை, எது கசடு என்று பிரித்துச் சொல்லும் வல்லமை ஆசிரியருக்கு வேண்டாமா? கேட்டறியாதவர் எங்ஙனம் பிரிப்பார்?

இறுதிப் பாடலாகிய ‘தி மெசேஜ்’ தனித்துப் பேசத்தக்கது. டிரேயின் தம்பி டைரி 1989இல் அடிதடி ஒன்றில் உயிரிழந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் அத்துயரைப் பாடுகிறார் அண்ணன். அதுகாறும் தருக்கும் சினமும் மண்டிக்கிடந்த தொகுப்பு இங்கே தலைகுனிகிறது. மேரி ஜே. பிளைஜின் குரல் அழாமல் அழுகிறது. இசை அமைத்தவர் நியூயார்க்கின் லார்ட் ஃபினெஸ். சொற்களை எழுதியவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ராய்ஸ் டா ஃபைவ் நைன். ஆம், தம்பிக்காகப் பாடிய இரங்கற்பாவும் இரவல்தான்.

இச்செய்தியை அறிந்தபோது எனக்கு வெறுப்பே தோன்றியது. சொந்தத் தம்பியின் சாவுக்குமா ஆள் வைத்து எழுதுவது? சில நாள்கள் அப்பாடலைக் கேட்கவே மனம் வரவில்லை. பிறகு என் மனச்சான்று என்னையே திருப்பிக் கேட்டது: நீ செய்ததென்ன?

நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கு மாணவனை ஆயத்தம் செய்யும் முறையை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். உரையை எழுதுபவர் ஆசிரியர், மனனம் செய்து முழங்குபவன் மாணவன், கோப்பை பள்ளிக்கு. நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகனுக்கு ‘தாயின் தியாகம்’ என்று ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். அடுக்குமொழியும் உவமையும் நிறைந்த உரை. மேடையில் அவன் நடுவே தடுமாறினான். வரி மறந்துவிட்டது. ஒரு கணம் நின்று, தன் தாய் விடியுமுன் எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவதைப் பற்றிக் கொச்சைத் தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, மறுபடி என் உரைக்குத் திரும்பினான். நீதிபதிகள் மொழிநடைக்கு மதிப்பெண் குறைத்தனர். நானும் அவனைக் கடிந்துகொண்டேன். இன்று அவ்வுரையில் நான் எழுதிய ஒரு வரியும் எனக்கு நினைவில்லை; அவன் கூறிய தலைவிளக்கு மட்டும் நினைவிருக்கிறது.

அப்படியாயின் நான் எழுதிய மற்ற வரிகள் பொய்யா? அவன் அவற்றையும் தன் தாயை எண்ணித்தானே பேசினான்? எழுதியவர் வேறாக இருப்பினும், சொல்லின்மீது தன் துயரின் எடையை ஏற்றுபவன் பாடுபவனே. இந்தத் தெளிவுக்கு வந்த பிறகு ‘தி மெசேஜ்’ பாடலை மீண்டும் கேட்டேன். டிரே தேர்ந்த ராப் கலைஞர் அல்லர். அவர் குரலில் வேகமும் நெகிழ்வும் குறைவு. மற்றப் பாடல்களில் அது குறை. இப்பாடலில் அந்தக் கனத்த, வளையாத குரலே பொருந்துகிறது. அழத் தெரியாத அண்ணன் ஒருவன், பிறர் எழுதித் தந்த தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. ஆனால் அந்தத் தலைவிளக்கைப் போல ஒரு சொல், அவருடையதாகவே ஒரு சொல், அதில் இருந்திருக்கக் கூடாதா என்னும் ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

எழுதியவர்க்கு உரிய பெயரைக் கொடுத்தல் என்பது வேறு செய்தி. ‘2001’இன் பாடலாசிரியர் பட்டியலில் ஜே-ஸி, எமினெம் முதலியோரின் பெயர்கள் உள்ளன, அந்த அளவில் நேர்மை உண்டு. எல்லா இடத்தும் அந்நேர்மை நிற்கவில்லை. ‘லெட்ஸ் கெட் ஹை’ என்னும் பாட்டின் பேஸ் வரி ஃபேட்பேக் குழுவினரின் பழைய பாட்டிலிருந்து உரிமையின்றி எடுக்கப்பட்டது என்று வழக்கு எழுந்து, 2003இல் நடுவர் குழு 15 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு விதித்தது. நமக்கு இன்னும் அண்மையது ஒன்று: 2002இல் டிரேயின் ஆஃப்டர்மேத் வெளியிட்ட, ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் பாடகியின் ‘அடிக்டிவ்’ பாட்டில், லதா மங்கேஷ்கரின் குரல் நெடுகவும் ஒலிக்கிறது. அதனை அமைத்தவர் டிரே அல்லர், டி.ஜே. குவிக் என்பவர், ஆனால் நிறுவனம் டிரேயுடையது. 1981இல் வந்த ‘ஜோதி’ என்னும் இந்திப் படத்துக்குப் பப்பி லஹரி இசையமைத்த பாட்டு அது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. பெயரைக் குறிக்காமல் விற்கலாகாது என்று அமெரிக்க நீதிமன்றம் 2003இல் தடை விதித்தது. பதிப்புரிமை தமக்கே என்று அவர் தொடுத்த வழக்கு பின்னர் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் எவ்வாறாயினும், பட்டிதொட்டியெல்லாம் அறிந்த ஒரு குரல் அங்கே பெயரற்ற அழகுப் பொருளாக ஆக்கப்பட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. விருந்துக்கு அழைக்கப்படாமலே விருந்தினர் ஆனார் அந்த அம்மையார்.

அழைக்கப்பட்ட விருந்தினரின் கதைகள் வேறு வேறு. எமினெம் உலகப் புகழ் எய்தினார். ‘ஃபர்காட் அபௌட் டிரே’ பாட்டுக்காக இருவரும் 2001ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றனர். ஆனால் இத்தொகுப்பில் எந்த விருந்தினரைக் காட்டிலும் மிகுதியான பாடல்களில் ஒலிக்கும் குரல் எவருடையது என்று கேட்டால், இரசிகர்களே சற்றுத் தயங்குவர். அவர் பெயர் ஹிட்மேன். ‘பிக் ஈகோஸ்’ முதலாகப் பாட்டுக்குப் பாட்டு வந்து, சுமை தாங்குகிறார். தெளிந்த உச்சரிப்பு, சொல்லை உருட்டி விளையாடும் திறம், அலட்டாத போக்கு ஆகிய அனைத்தும் அவரிடம் உண்டு. அடுத்து வருவது இவர் தொகுப்பே என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். ஆஃப்டர்மேத் அதனை வெளியிடவே இல்லை. 2005இல் அவர் வேறு வழியாகத் தம் பாடல்களை வெளியிட்டபோது கேட்க ஆள் இல்லை. 60 இலட்சத்துக்குக் குறையாத படிகள் அமெரிக்காவில் போனதாகச் சான்று பெற்ற ஒரு தொகுப்பின் பெரும்பகுதியைத் தாங்கியவரின் நிலை இது. தலைமாணாக்கன் மேடையேறுகிறான், மேசை நாற்காலி சுமந்த மாணாக்கன் பெயரை ஆண்டுமலரில் போட மறந்துவிடுகிறோம். முப்பதாண்டுப் பணியில் நான் மறந்த பெயர்களை எண்ணத் தொடங்கினால் இக்கட்டுரை வேறு திசையில் சென்றுவிடும்.

டிரே தம் அடுத்த தொகுப்பை வெளியிடப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2015 ஆகஸ்டில் ‘காம்ப்டன்’ வந்தது. அதிலும் விருந்தினரே நிறைந்திருந்தனர். ஆண்டர்சன் பாக் என்னும் அவ்வளவாக அறியப்படாத பாடகர் ஆறு பாடல்களில் பாடி அதன்மூலம் பெயர்பெற்றார். ஹிட்மேனுக்கு வாய்க்காதது அவருக்கு வாய்த்தது.

2022 பிப்ரவரி 13 அன்று, காம்ப்டனுக்கு அண்மையிலுள்ள இங்கிள்வுட் விளையாட்டரங்கில், அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையில் டிரேயின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஸ்னூப் வந்தார். எமினெம் வந்தார். மேரி ஜே. பிளைஜ் வந்தார். பாக் முழவு வாசித்தார். நேட் டாக் 2011இலேயே மறைந்துவிட்டார். ஹிட்மேன் மேடையில் இல்லை. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் டிரே தாமே வெண்ணிறப் பியானோவின் முன் அமர்ந்து, ஸ்காட் ஸ்டார்ச் அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த அதே சுரக்கூட்டை, மாறாமல், அடுத்தடுத்துத் தட்டத் தொடங்கினார்.